குண்டுமல்லி புரட்டாசியோடு பூப்பதை நிறுத்தியது நோயா, பருவமா?

மூன்று ஆண்டுகளாகத் தொட்டியில் வளரும் குண்டுமல்லி முதல் கோடையில் கை நிறையப் பூத்தது, அடுத்த கோடையில் பாதியாகக் குறைந்தது, இந்த ஆண்டு சித்திரை வைகாசியில் நாளுக்கு ஐந்தாறு மொட்டோடு நின்றுவிட்டுப் புரட்டாசியிலிருந்து ஒன்றுகூட இல்லை, ஆனால் இலை மட்டும் கரும்பச்சையாகத் தழைத்துக் கொம்புகள் கொடி போல நீள்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். தாம்பரத்தில் முதல் மாடி, வடக்குப் பார்த்த பால்கனி, ஆழ்துளைக் கிணற்று நீர், பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரைத் தேக்கரண்டி யூரியா ஆகிய விவரங்களையும் சொல்லி, எந்த உரம் போட்டால் மறுபடி பூக்கும் என்று கேட்கிறீர்கள். பக்கத்து வீட்டார் இது ஆண் செடி, பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்று சொன்னதையும் வருத்தத்தோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். உரத்தின் பெயரைக் கேட்டாலும், இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஐப்பசியில் பூக்காமல் இருப்பது செடியின் குறையா என்பது ஒன்று. கோடையில் பூத்திருக்க வேண்டிய செடி ஏன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை வேறு வேறு என்பதால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

நான் தோட்டக்கலை படித்து, நிலக்கோட்டைப் பக்கத்து மல்லித் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகளாகச் சென்னையில் மொட்டைமாடியில் பதினொரு தொட்டிகளில் மல்லியும் முல்லையும் பிச்சியும் வளர்க்கிறேன். ஆகவே செம்மண் நிலத்தில் மல்லி எப்படி நடந்துகொள்ளும் என்பதை நெடுங்காலம் பார்த்த பழக்கத்தில் உறுதியாகச் சொல்ல முடியும்; தொட்டிச் செடியைப் பற்றிச் சொல்வது இந்த ஒன்பது ஆண்டு அனுபவத்திலிருந்துதான். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களில் இலையின் மேற்புறம் மட்டும் தெரிகிறது. வேரையும் இலையின் அடிப்புறத்தையும் பார்க்காமல் சொல்வதால், எங்கெல்லாம் நீங்களே பார்த்து உறுதி செய்ய வேண்டுமோ அங்கெல்லாம் அதைக் குறிப்பிடுகிறேன்.

முதலில் ஆண் செடி என்ற பேச்சை ஒதுக்கி வைத்துவிடுங்கள். பப்பாளியிலும் பனையிலும் ஆண் மரம், பெண் மரம் என்று உண்டு. மல்லியில் அப்படி இல்லை. ஒரே பூவுக்குள் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கும். தவிர, குண்டுமல்லி விதையிலிருந்து வளர்க்கப்படும் செடியும் அல்ல. தாய்ச்செடியின் கொம்பைப் பதியம் போட்டோ, வெட்டிய தண்டை வேர்விடச் செய்தோதான் கன்று எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் நடப்படும் மல்லிக் கன்றுகளில் பெரும்பங்கு இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தைச் சுற்றியுள்ள நாற்றங்கால்களிலிருந்து வருகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லித் தோட்டங்களுக்கும் அந்தத் தீவின் மணலில் வேர்விட்ட கன்றுகள் போகின்றன. தண்டிலிருந்து வந்த கன்று தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். தாய் பூத்தது, உங்கள் செடியும் முதல் கோடையில் கை நிறையப் பூத்தது. அதற்குப் பூக்கும் தகுதி உண்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதைப் பிடுங்க வேண்டாம்.

இனி முதல் கேள்வி. குண்டுமல்லி வெப்பத்தையும் நீண்ட பகலையும் விரும்பும் செடி. மாசியில் மொட்டுக் கட்டத் தொடங்கி, பங்குனி, சித்திரை, வைகாசியில் உச்சத்துக்குப் போய், ஆடி ஆவணி வரை அலை அலையாகப் பூத்து, புரட்டாசியில் தளர்ந்து, ஐப்பசிக்கு மேல் ஏறக்குறைய நின்றுவிடுவது அதன் இயல்பான ஆண்டு. நன்றாகப் பராமரிக்கப்படும் ஏக்கர் கணக்கான தோட்டங்களிலும் இதே நிலைதான். இதற்குப் பூச்சந்தை விலையே அத்தாட்சி: சித்திரையில் கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்கும் மல்லி, மார்கழி, தைப் பனியில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. அந்த மாதங்களில் கல்யாணமும் பொங்கலும் வருவது ஒரு காரணம் என்றாலும், பறிக்க ஆள் போனாலும் செடியில் பூ இல்லை என்பதுதான் பெரிய காரணம். பனிக்காலத்தில் பத்துச் செடியில் பறித்தது உள்ளங்கையில் அடங்கிவிடுவதை நான் பல காலையில் பார்த்திருக்கிறேன். எனவே இப்போது, ஐப்பசி மழையில், உங்கள் செடி வெறும் இலையாக நிற்பது நோய் அல்ல, பருவம். இந்த மாதத்தில் எந்த உரத்தைப் போட்டாலும் அது மொட்டாக மாறாது, இலையாகத்தான் மாறும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. வடக்குப் பார்த்த பால்கனி என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி உச்சிக்குத் தெற்கே சாய்ந்து போகிறது. சென்னைக்கு நேர் உச்சியில் அது வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் ஒரு முறை. அந்த இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்களில் மட்டுமே நண்பகல் வெயில் வடக்குச் சுவரின் மேல் விழும். அதாவது மல்லி மொட்டுக் கட்டத் தேவையான மாசி, பங்குனியில் உங்கள் பால்கனி நிழலில் இருக்கிறது. வெயில் வந்து சேரும்போது செடி பாதி ஆண்டைக் கடந்துவிடுகிறது. முதல் ஆண்டு கை நிறையப் பூத்ததற்குக் காரணம், நாற்றங்காலில் திறந்த வெயிலில் வளர்ந்தபோது அது சேர்த்து வைத்திருந்த வலுவாக இருக்கலாம். இதை என் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மல்லிக்கு நாளுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. நீங்கள் எழுதிய, கொடி போல நீண்டு கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி அதிகரித்த கொம்புகள், வெளிச்சத்தைத் தேடி நீண்டவை. செடி குத்தாகத் தழைக்க வேண்டுமானால் கணுக்கள் நெருங்கி இருக்க வேண்டும். மொட்டைமாடிக்கு ஏற்றிவிட வழி இருந்தால் இந்தக் கார்த்திகையிலேயே ஏற்றிவிடுங்கள். வேறு எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள் என்பேன்.

அடுத்தது யூரியா. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிலத்தில் உள்ள ஒரு மல்லிச் செடிக்கு ஆண்டுக்குப் பரிந்துரைப்பது பத்துக் கிலோ தொழுவுரமும், அதோடு தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120 கிராம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 120 கிராமும். இதைக் கவாத்துக்கு, அதாவது கொம்புகளை வெட்டிவிடுவதற்குப் பின் ஒரு பாதியும் ஜூன் ஜூலையில் மறுபாதியுமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். இந்த அளவு நிலத்துக்கானது, தொட்டிக்கு அப்படியே போட்டால் வேர் கருகும். நான் காட்ட விரும்புவது அளவை அல்ல, விகிதத்தை. தழைச்சத்து மற்ற இரண்டில் பாதிதான். யூரியா முழுக்க முழுக்கத் தழைச்சத்து. அதை மட்டும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்தபோது செடி எதைக் கொடுக்க முடியுமோ அதைத்தான் கொடுத்திருக்கிறது, இலையை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வீட்டுக் கிணற்றடிச் செடிக்கு நானும் இதே தவற்றைச் செய்தேன். அந்த ஆண்டு என் தாயார் வெள்ளிக்கிழமைப் பூவுக்கு எதிர்வீட்டுச் செடியை நாட வேண்டியிருந்தது. ஆகவே இன்றே யூரியாவை நிறுத்துங்கள். கவாத்து வரை வேறு எதுவும் போட வேண்டாம்.

கவாத்துதான் மல்லி வளர்ப்பின் உயிர். காரணம் எளியது: குண்டுமல்லி பழைய முதிர்ந்த கொம்பில் பூக்காது. புதிதாக ஓடிய இளங்கொம்பின் நுனியிலும், அதன் பக்கத்துக் கணுக்களிலும்தான் மூன்று மூன்றாகவோ அதற்கு மேலோ மொட்டுகள் கட்டும். எத்தனை புதுக்கொம்புகளோ அத்தனை பூங்கொத்துகள். மூன்று ஆண்டுகளாக வெட்டாமல் விட்ட செடியில் நுனிகள் குறைவு, நீளம் அதிகம். எனவே பூவும் குறைவு. நிலத்துச் செடிகளுக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் காலம் நவம்பர் கடைசி வாரம், உயரம் தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு முழம். நிலக்கோட்டைப் பக்கத்தில் பெரியவர்கள் அரிவாளைப் பிடித்தபடி தம் முழங்கையைச் செடியருகே ஊன்றிப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். உங்கள் தொட்டிச் செடிக்கும் அந்த முழம் பொருந்தும்.

சென்னையில் ஒரு சிக்கல் உண்டு. கார்த்திகையில் இங்கே வடகிழக்குப் பருவமழையும் புயலும் சேர்ந்து வரும். வெட்டுவாயில் நாள் கணக்காக நீர் ஊறினால் கொம்பு நுனியிலிருந்து கருகிக் கீழே இறங்கும். ஆகவே தேதியைப் பிடித்துக்கொண்டிருக்காமல், மூன்று நான்கு நாள் தொடர்ந்து வெயில் அடிக்கும் இடைவெளியைப் பாருங்கள். அது மார்கழி முதல் வாரத்துக்குத் தள்ளிப்போனாலும் குற்றமில்லை; பூ வருவது சில வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, மழை இல்லையென்றால், தண்ணீரைக் குறைத்துச் செடியைக் கொஞ்சம் வாட விடுங்கள். கத்தரிக்கோலைக் கொதிநீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். முதலில் காய்ந்த கொம்பு, ஒன்றோடொன்று உரசும் கொம்பு, குச்சி போன்ற நோஞ்சான் கொம்பு ஆகியவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். மீதமுள்ள ஐந்தாறு தடித்த கொம்புகளில், ஒரு முழ உயரத்தில், வெளிப்பக்கம் நோக்கிய ஒரு கணுவைத் தேடுங்கள். இலை ஒட்டியிருக்கும் இடத்தின் கக்கத்தில் கடுகு அளவில் ஒரு புடைப்பு இருக்கும். விரலால் தடவினால் தெரியும். அந்தப் புடைப்புக்குக் கால் அங்குலம் மேலே, மழைநீர் வழிந்துபோகும்படி சரிவாக ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் உள்ளே பச்சை கலந்த வெள்ளையாக ஈரம் கசிந்தால் கொம்பு உயிரோடு இருக்கிறது. பழுப்பாக இருந்தால் பச்சை தெரியும் வரை கீழே இறங்கி வெட்டுங்கள். மிஞ்சிய இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். செடி மொட்டையாக நிற்பதைப் பார்க்க மனம் பதறும். எனக்கு இன்றும் பதறுகிறது. ஆனால் பாதி வெட்டிப் பாதி விட்ட செடிதான் அடுத்த கோடையில் ஏமாற்றும்.

வெட்டுவாயில் மஞ்சள் குழைத்துப் பூசும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதனால் தீங்கில்லை, எவ்வளவு காக்கிறது என்று அளந்து சொல்ல முடியாது. மழை மிகுந்த ஆண்டில் தடித்த கொம்புகளுக்கு மட்டும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசுவது என் வழக்கம்.

கவாத்து செய்யும் அன்றே தொட்டியையும் கவனியுங்கள். மூன்று ஆண்டுகள் ஒரே தொட்டியில் இருந்த வேர் உள்சுவரை ஒட்டிப் பிரிமனை போலச் சுற்றியிருக்கும். செடியை மண்கட்டியோடு மெதுவாகச் சாய்த்து எடுத்து, சுற்றியுள்ள வேரை ஓர் அங்குலத் தடிமனுக்குக் கத்தியால் சீவிவிட்டு, புது மண்ணில் வையுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் என்பது நான் பயன்படுத்தும் கலவை. இதோடு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூள். தொட்டி ஒன்றரை அடி வாயும் ஒன்றரை அடி ஆழமும் கொண்டதாக இருக்கட்டும்; அடித்துளை அடைபடாமல் ஓட்டுச்சில்லு போடுங்கள். இந்த நேரத்தில் வேரை ஒரு முறை உற்றுப் பாருங்கள். வெள்ளையாக, நூல் நூலாக இருந்தால் நலம். வேரில் மணி மணியாக முடிச்சு விழுந்திருந்தால் அது நூற்புழு; அப்படியானால் பழைய மண்ணை முழுவதும் உதறி, முடிச்சுள்ள வேர்களை நீக்கி, வேப்பம் பிண்ணாக்கை இரட்டிப்பாக்குங்கள். கறுத்துக் கொழகொழத்து நாற்றம் அடித்தால் அது தண்ணீர் தேங்கியதால் வந்த அழுகல். இருவேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நீங்கள் எழுதியதால்தான் இதைச் சொல்கிறேன். மேல்மண்ணை ஒரு விரற்கணு ஆழம் தோண்டிப் பார்த்து, ஈரம் இல்லாதபோது மட்டும் ஊற்றுங்கள். சித்திரையில் அது தினமும் ஒரு முறையாக இருக்கும்; மார்கழியில் நான்கு நாளுக்கு ஒரு முறையாக இருக்கும்.

இதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. கவாத்து முடிந்து இரண்டு மூன்று வாரத்தில், விரலால் தடவிப் பார்த்தீர்களே அந்தப் புடைப்புகள், செம்பு கலந்த இளம்பச்சையில் வாய் பிளக்கும். தை முழுவதும் தளிர் ஓடும். தளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியை மட்டும் நகத்தால் கிள்ளிவிட்டால் அதிலிருந்து இரண்டு கொம்பு பிரியும். தை பாதிக்குப் பிறகு கிள்ள வேண்டாம், அது மொட்டு வரும் நேரம். தை இறுதியிலிருந்து மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கொடுத்தாலே தொட்டிச் செடிக்குப் போதுமானது. கடலைப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு நீர் சேர்த்து மாதம் ஒரு முறை ஊற்றுவதும் நல்லதுதான், ஆனால் அதிலும் தழைச்சத்து மிகுதி என்பதால் அளவோடு. மணிச்சத்துக்கு எலும்புத்தூளும், சாம்பல்சத்துக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பலும் ஆண்டுக்கு ஒரு முறை, மண் மாற்றும்போதே கலந்துவிடலாம். உங்கள் கிணற்று நீர் உப்பாக இருந்தால் சாம்பலைத் தவிர்த்துவிடுங்கள். அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். கோடையில் ஓர் அலை பூத்து முடிந்ததும், பூத்த கொம்பின் நுனியை இரண்டு கணு கீழே கிள்ளிவிடுங்கள். என் மாடியில் அப்படிக் கிள்ளிய ஐந்து ஆறு வாரத்தில் அடுத்த அலை வருகிறது. கிள்ளாமல் விட்ட தொட்டி பின்தங்குகிறது.

மொட்டு வந்த பிறகு பறிக்கும் நேரமும் வளர்ப்பின் ஒரு பகுதிதான். மல்லி மாலையில் மலரும் பூ. இன்று மாலை மலரப் போகும் மொட்டு, இன்று விடியலிலேயே பச்சை மாறி முத்து போல் வெளுத்து, குண்டாகத் திரண்டு நிற்கும். நாளைக்கானது இன்னும் இலேசாகப் பச்சை ஓடியிருக்கும். தோட்டங்களில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பொழுது விடியுமுன் இறங்கிவிடுவார்கள், வெயில் ஏறினால் மொட்டு வதங்கி எடை குறையும் என்பதால். வீட்டுச் செடியில் எல்லாவற்றையும் பறித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கொத்தை விட்டுவையுங்கள். அந்தி சாயும்போது பக்கத்தில் அமர்ந்து பார்த்தால், முறுக்கிய மொட்டின் வெளியிதழ் ஒன்று முதலில் தளரும். அதுவரை வெறும் இலை வாசம் இருந்த இடத்தில் மணம் வந்து நிற்கும். இரவு ஏற ஏற அது கூடும். மொட்டைக் கட்டித் தலையில் சூடிக்கொள்பவர்களுக்குக் கிடைக்கும் மணமும், செடியிலேயே மலரும்போது கிடைக்கும் மணமும் ஒன்றல்ல. மூன்று ஆண்டு உழைத்த உங்களுக்கு இந்த இரண்டாவது கட்டாயம் கிடைக்க வேண்டும்.

மொட்டு வந்தும் மலராமல் போனால் அது வேறு கதை. அப்போது மொட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு துளையும், பக்கத்து மொட்டோடு சேர்த்துப் பின்னிய மெல்லிய நூலும் இருந்தால் அது மொட்டுப்புழு. உள்ளிருந்து பூவின் இதழ்களைத் தின்றிருக்கும். துளை இல்லாமல், காம்பை ஒட்டிய அடிப்பகுதி மட்டும் வீங்கி, மொட்டு வளராமல் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகிக் காய்ந்தால், கொசு போன்ற ஒரு சிறு ஈயின் புழு உள்ளே இருக்கிறது. வீட்டளவில் இரண்டுக்கும் முதல் மருந்து கைதான்: பாதித்த மொட்டுகளையும் கீழே உதிர்ந்தவற்றையும் தினமும் பொறுக்கி வெளியே அப்புறப்படுத்துங்கள், தொட்டி மண்ணின் மேற்பரப்பைக் கிளறிவிடுங்கள், ஏனென்றால் இந்த ஈ மண்ணில்தான் கூட்டுப்புழுவாகிறது. லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒரு முறை மாலையில் தெளிப்பது துணை செய்யும்; வந்துவிட்ட புழுவை அது முழுமையாகக் கொல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம். கோடையில் இலை மேலே வெளிறிப் புள்ளி புள்ளியாகி, அடியில் மெல்லிய ஒட்டடை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே தொட்டிச் செடியில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இலை மஞ்சளாவதைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆழ்துளை நீர் ஊற்றுகிற வீடுகளில் இது வராமல் இருப்பது அரிது. கீழே உள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் தண்ணீர் மிகுதியோ தழைச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம். நுனியில் உள்ள இளம் இலைகள், நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் மாறினால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருந்தும் உப்பும் காரமும் கூடிய நீரால் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதிதான் இரும்பு சல்பேட்டு. லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளித்தால், புதிய இலைகள் பச்சையாக வருவதைக் காணலாம். ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடி மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது இதைவிடச் சிறந்தது. தொட்டி மண்ணில் படிந்த உப்பையும் அது கழுவி வெளியேற்றும்.

நீங்கள் பட்டியலிட்டிருந்த வீட்டு வைத்தியங்களில், மோர் ஊற்றுதல், வெங்காயத் தோல் ஊறிய நீர், அரிசி கழுவிய நீர், முட்டை ஓடு ஆகியவற்றை நானும் தொட்டிகளில் செய்து பார்த்திருக்கிறேன். அரிசி கழுவிய நீர் தீங்கற்றது, சத்து மிகக் குறைவு. முட்டை ஓடு மக்க நெடுங்காலம் ஆகும், தவிர அது சுண்ணாம்பு. காரநீர் ஊற்றும் தொட்டிக்கு அது வேண்டாம். புளித்த மோர் ஊற்றியதும் பூத்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஊற்றியது பெரும்பாலும் மாசி பங்குனியில், செடி தானாகவே பூக்கும் காலத்தில். மோர் ஊற்றிய தொட்டிக்கும் ஊற்றாத தொட்டிக்கும் என் மாடியில் வேறுபாடு தெரியவில்லை. இது என் பதினொரு தொட்டிகளின் சாட்சி மட்டுமே. எப்சம் உப்பு மக்னீசியம் குறைந்த செடிக்குப் பயன்படும், மொட்டை வரவழைக்கும் மருந்தல்ல.

ஆண்டு முழுவதும் பூக்க வைக்க முடியாதா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். குண்டுமல்லியை அப்படிக் கட்டாயப்படுத்துவது வீட்டில் எளிதல்ல. சில விவசாயிகள் புரட்டாசியிலேயே கவாத்து செய்து மார்கழி, தையில் பூ எடுக்க முயல்கிறார்கள். விலைக்காக அந்த முயற்சி தகும், ஆனால் பனி கடுமையான ஆண்டில் அது கை கொடுப்பதில்லை. வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது ஒரே செடியை வருத்துவதை விடுத்து, பருவத்துக்கு ஒரு செடியாக வைப்பது. முல்லையை ஜனவரி கடைசியிலும் பிச்சியை டிசம்பர் கடைசியிலும் கவாத்து செய்வார்கள். குண்டுமல்லியின் கடைசி அலைகள் வரும் ஆடி ஆவணியில் பிச்சி வேகம் பிடித்து ஐப்பசி வரை வாசலை நிரப்பும். இடம் இருந்தால் பவளமல்லி ஒன்று; ஆவணியிலிருந்து மழைக்காலம் முழுவதும் விடியலில் தரையில் விரித்துவிடும். கார்த்திகை, மார்கழிக்கு டிசம்பர் பூவே போதும். மணம் இல்லாவிட்டாலும், பனிக்கு அஞ்சாமல் அந்த ஊதா நிறத்தோடு அது நிற்கும் அழகு எனக்கு மல்லிக்கு இணையாகவே பிடிக்கும். மணத்தோடு பன்னிரண்டு மாதமும் பூ வேண்டும் என்றால், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நட்சத்திர மல்லிகையைத் தேடிப் பாருங்கள். பனிக்காலத்திலும் பூக்கக்கூடியது, மணம் குண்டுமல்லியைவிட மென்மை.

வெட்டிய கொம்புகளை எறிந்துவிடாதீர்கள். பென்சில் தடிமனுக்குச் சற்றுக் குறைவாக, அதிகம் முற்றாத கொம்புகளில் மூன்று நான்கு கணு உள்ள துண்டுகளை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மணல் கலந்த ஈர மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். பத்தில் பாதியாவது வேர் விடும். இரண்டு மாதத்தில் கன்றாகிவிடும். ஒன்றைப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள். கவாத்து செய்து ஒரு மாதம் ஆன பின்பும் எந்தக் கணுவிலும் தளிர் தெரியவில்லை என்றால், ஒரு கொம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். பழுப்பாக இருந்தால் வேரின் படத்தையும் இலையின் அடிப்புறப் படத்தையும் சேர்த்து இங்கேயே கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.